இடுப்பளவுத் தங்கராஜ்

மேல்நத்தம் பெருமாள் கோயிலுக்கு எதிரே, கருடக் கம்பத்திலிருந்து நாற்பதடி தள்ளி, தங்கராஜுக்குச் சிலை எடுப்பதென்று முடிவு செய்த கூட்டம் கங்காதரனின் கல்யாண மண்டபத்தில், குளிரூட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. தங்கராஜை அடித்த வழக்கில் முதல் எதிரியாகக் கூண்டில் நின்றவர் கங்காதரனின் தந்தை. அவருடைய படம் அந்தக் கூடத்துச் சுவரிலேயே சந்தன மாலையும் சீரியல் விளக்கும் பூண்டு, தீர்மானம் நிறைவேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அயனம்பாக்கம் ஏரிக்கும் சென்னீர்குப்பத்துக்கும் இடையில், அடுக்ககங்கள் விழுங்கியது போக மிஞ்சிய பழைய ஊர் மேல்நத்தம். அதன் நடுவே நீண்டு கிடப்பது சந்நிதித் தெரு. மேற்குத் தலைப்பில் பெருமாளும் பேருந்துச் சாலையும். கிழக்குத் தலைப்பில் காலனி. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை காலனிக்காரர் எவரும் அத்தெருவில் செருப்பணிந்து நடத்தல் ஆகாது. தெரு தொடங்கும் இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரு முடிந்ததும் மீண்டும் அணியலாம். எங்கும் எழுதப்படாத சட்டம் அது. ஆகவே எவராலும் திருத்த முடியாத சட்டமாகவும் இருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளியாக இருந்த தங்கராஜ், ஒரு மாலை வேலை முடிந்து திரும்புகையில் தம் டயர் செருப்பைக் கழற்றாமல் அத்தெருவில் நடந்தார். மறுநாளும் நடந்தார். மூன்றாம் நாள் அவருடைய இடது முழங்காலை உடைத்தார்கள். வழக்கு ஐந்தாண்டு நடந்தது. தீர்ப்பு வந்த நாள் முதல், தெருவில் அவருக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாலை ஆறு மணிக்குச் செருப்போடு ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புவரை சற்றே நொண்டியபடி போய்த் திரும்புவார். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு நோன்பைப்போல் இதைக் காத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தார்.

இறந்த அன்று எட்டிப் பாராத ஊர், இப்போது சிலை எடுக்கத் திரண்டதற்குக் காரணம் இரண்டு. வரப்போகும் வார்டு தேர்தலில் கங்காதரன் நிற்கிறார். காலனியில் தொள்ளாயிரம் வாக்குகள் உள்ளன. இது முதற்காரணம். மற்றது ஸ்ரீநாத். ஏரியைப் பார்த்த பதினான்கு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். திருப்பூரிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறவர். வீடு வாங்கிய இடத்துக்கு ஒரு வரலாறும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நெடுநாளாக ஏங்கியவர், தங்கராஜைப் பற்றிக் கேள்வியுற்றதும், மாடித் தோட்டத்துக்கு நல்ல எரு கிடைத்தவர்போல் அகமகிழ்ந்தார்.

சிலைக்கு அரசு அனுமதி வேண்டும்; அனுமதிக்கு வாரிசின் சம்மதக் கடிதம் வேண்டும். ஆகவே இருவரும் தங்கராஜின் ஒரே மகளான யுவராணியின் வீட்டுக்கு எழுந்தருளினர். சந்நிதித் தெரு முடிந்து காலனி தொடங்கும் இடத்தில் முதல் வீடு அவளுடையது. ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையில் எழுத்தர் வேலை. நாற்பத்தெட்டு வயது. அவளுடைய தாய் கங்காதரனின் தந்தையை ‘ஆண்டை’ என்று அழைத்தவள். யுவராணி கங்காதரனைச் ‘சார்’ என்கிறாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அச்சொல் அவருக்குச் சோற்றில் கல்லாய்க் கடிபட்டது.

“உங்க அப்பா ஒரு பெரிய லெகசி மேடம்,” என்றார் ஸ்ரீநாத். “நம்ம ஏரியாவுக்கே அவர்தான் ஐகான்.”

“உயிரோட இருந்தப்போ இந்த ஏரியால ஒருத்தரும் ஒரு வணக்கம் சொன்னதில்லியே. இப்ப இன்னாத்துக்கு?”

“பழசெல்லாம் கெளறினா முடியுமா யுவராணி,” என்றார் கங்காதரன். “எங்கப்பாவும் உங்கப்பாவும் இந்நேரம் மேல ஒண்ணா உக்காந்து பேசிகினு இருப்பாங்க.”

“எங்கப்பா அங்கியும் நடந்துகினுதான் இருப்பாரு சார். உக்கார்ற ஆளு இல்ல.”

கங்காதரன் சிரித்தார். தேர்தல் முடியும்வரை எதற்கும் சிரிப்பதென்று அவர் விரதம் பூண்டிருந்தார்.

யுவராணி கடிதத்தை இருமுறை படித்தாள். “கையெழுத்து போடறேன். ஆனா எங்கப்பா கால்ல செருப்பு இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. பொன்னாட போடுங்க, போடாத போங்க. அவுரு அந்தத் தெருவுல செருப்போட நிக்கணும்.”

“அவ்ளோதான? செருப்புதான? ஜோரா போட்டுடலாம்.”

‘செருப்பு அணிந்த சிலை வைக்க எனக்குச் சம்மதம்’ என்று அவள் தன் கையாலேயே ஒரு வரியைச் சேர்த்துக் கையொப்பமிட்டாள். ஸ்ரீநாத் அதைப் படமெடுத்துச் சிலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பகிர்ந்து, கைகூப்பும் பொம்மைகள் ஆறு இட்டார்.

பூந்தமல்லியில் தேவாவின் பட்டறை. நெடுஞ்சாலையோரம் நிற்கும் தலைவர்களில் பலர் அவர் கையால் பிறந்தவர்கள். யுவராணி தன் தகப்பனின் டயர் செருப்பை மஞ்சப்பையில் வைத்து எடுத்துச் சென்றபோது, அங்கே தலையில்லாத உடல்கள் ஏழும் உடலில்லாத தலைகள் ஐந்தும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

“எந்தத் தலைவரா இருந்தாலும் கீழ ஒரே உடம்புதான் யக்கா,” என்றார் தேவா. “ஒரு வேட்டி, ரெண்டு காலு, ஒரு காலு முன்ன. தல மட்டுந்தான் மாறும். மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. எடத்துக்கு எட்த்துகினு போயிதான் இடுப்புல ஒட்டுவோம். இல்லாங்காட்டி குட்டியானை வண்டில ஏறாது.”

“கால்ல செருப்பு?”

“அல்லாருக்கும் கீது. இந்த ரோட்டுல நிக்கிற அத்தினி பேரும் செருப்பு மாட்டிகினுதான் நிக்கறாங்கோ. எவனும் குனிஞ்சி பாத்ததில்ல.”

மஞ்சப்பையைப் பிரித்துச் செருப்பை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். தேய்ந்த குதிகால், ஆணி வைத்துத் தைத்த வார். “இது நம்ம அச்சுல வராது. தனியா வாக்கணும்,” என்றார். இடது முழங்கால் எப்படி மடங்கியிருக்கும் என்று யுவராணி நடந்து காட்டினாள். தேவா பீடியை அணைத்துவிட்டுக் கரிக்கோடு இழுத்தார். பத்து நாளில் கீழ்ப் பாதி தயாரானது. அதன் படம் குழுவுக்குப் போயிற்று.

அப்போதுதான் கங்காதரன் முதன்முறையாகச் செருப்பைக் கண்டார். காகிதத்தில் இருந்தவரை அது வெறுஞ்சொல். இப்போது அதற்குக் குதிகாலும் வாரும் ஆணியும் இருந்தன. மறுநாளே கூட்டம் கூடியது.

“கோயிலுக்கு நேர் எதிர்ல,” என்று அவர் திருவாய் மலர்ந்தருளினார். “பெருமாள் கண்ணத் தொறந்தா எதிர்ல செருப்பு. ஊருக்கு ஆவுமா? எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் சாதி பாக்கற ஆளா? சாமி பாக்குதுல்ல?”

அவர் மனைவி வரலட்சுமி, வேட்டியைத் தரைவரை இறக்கிக் காலை மறைத்துவிடலாம் என்றார். கால் ஏற்கெனவே வார்த்தாயிற்று. சுற்றிலும் சிமெண்டில் புல் வளர்க்கலாம் என்றார் ஒருவர். முட்டியளவு புல்லில் நின்றால் தலைவர் வயலில் அவசரத்துக்கு ஒதுங்கியவர்போல் தோன்றுவார் என்று இன்னொருவர் தடுத்தார்.

ஸ்ரீநாத் கையை உயர்த்தினார். “சார், செருப்பைக் கையில பிடிச்ச மாதிரி ஒரு போஸ் வெச்சா? காலும் சுத்தமா இருக்கும், செருப்பும் இருக்கும். ரொம்ப சிம்பாலிக்கா இருக்கும்.”

அந்தக் கோலத்தின் பொருளறிந்த முதியவர்கள் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தத்தம் கைப்பேசியில் ஆழ்ந்தனர். “அது வேணாம் தம்பி,” என்று மட்டும் சொன்னார் கங்காதரன். ஏன் வேண்டாம் என்று ஸ்ரீநாத்துக்கு எவரும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

செய்தி காலனிக்கு எட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. யுவராணி சனிக்கிழமை காலை நேரே கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமைகளில் கங்காதரன் முதல் ஆளாகச் சேவிக்க வருவார் என்பது ஊரறிந்தது. பட்டர் தீர்த்தமும் துளசியும் தந்து, சடாரியைக் கங்காதரனின் தலையில் வைத்தார். அடுத்து யுவராணியின் தலையிலும் வைத்தார்.

“சாமி, தலைல வெச்சீங்களே, இது இன்னாது?”

“சடாரிம்மா. பெருமாள் திருவடி. மேலே பார், ரெண்டு பாதம் தெரியறதோன்னோ.”

“பாதமா, பாதத்துல மாட்டறதா?”

பட்டர் சற்றே தயங்கினார். “பாதுகைம்மா.”

“செருப்பு.”

“லோகத்துல அதுக்கு அப்படித்தான் பேரு.”

முப்பத்திரண்டு ஆண்டாகச் சனிக்கிழமைதோறும் அதன்கீழ் பணிந்து பழகிய கங்காதரனின் தலை, இதைக் கேட்டபோதும் இன்னும் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் முகம் சிவந்திருந்தது. “பெருமாள் பாதுகையும் மனுசன் செருப்பும் ஒண்ணா சாமி?”

“ஒண்ணில்லேதான்,” என்றார் பட்டர். “ஆனா உங்க தோப்பனார் நாளிலேர்ந்து நான் இங்கே கைங்கரியம் பண்றேன். அந்தத் தங்கராஜ் தினம் ஆறு மணிக்குக் கம்பத்தண்டை வந்து திரும்புவார். நான் விளக்கேத்தறதுக்குக் கடிகாரமே அவர்தான். பெருமாள் ஒரு நாளும் என்னைக் கதவைச் சாத்துன்னு சொல்லலை.”

“நீங்க பூஜையப் பாருங்க சாமி.”

பட்டர் பூஜையைப் பார்க்க உள்ளே போனார். யுவராணி துளசியை வாயிலிட்டுக்கொண்டு, “சாமிக்கு ஒண்ணும் இல்லியாம் சார். வேற யாருக்கு இன்னானு கேட்டு சொல்லுங்க,” என்று படியிறங்கினாள்.

அன்று மாலையே குழு மூன்றாம் முறை கூடி விடையைக் கண்டடைந்தது. தமிழில் தெய்வத்தைப் பாடுவோர் அடியில் தொடங்கி முடிவரை ஏறுவர்; மானுடரைப் பாடுவோர் முடியில் தொடங்கி அடிவரை இறங்குவர். எங்கே தொடங்கினும் அடியை விட்டவர் இலர். அடியே இல்லாமல் ஒருவரைப் போற்றும் மூன்றாவது முறையை வகுத்த பெருமை மேல்நத்தம் சிலைக் குழுவையே சாரும். சிலை இடுப்போடு நிற்கும் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதைத் தெரிவிக்கும் பொறுப்பு, குரலில் எப்போதும் தேன் வைத்திருக்கும் ஸ்ரீநாத்துக்கு.

“மேடம், உங்க கண்டிஷன் அப்படியே இருக்கு,” என்றார் அவர் தொலைபேசியில். “உங்க அப்பா செருப்பு போட்டுத்தான் இருக்கார். சிலை அதுவரைக்கும் வரலை, அவ்வளவுதான்.”

“எங்கப்பா இன்னா இடுப்பாலயா நடந்தாரு?”

“நல்ல பாயின்ட் மேடம். மினிட்ஸ்ல போட்டுக்கறேன்.”

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக யுவராணி அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்கு எழுதினாள். அனுமதி முன்பே வழங்கப்பட்டுவிட்டது என்றும், அவளுடைய மனு பரிசீலனையில் இருக்கிறது என்றும் ஒரே உறையில் இரண்டு பதில்கள் வந்தன. திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியன்று அவள் பணிமனையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் போனாள்.

தேவா மேல் பாதியைக் குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முகம் அப்பாவைப்போலவும் இருந்தது. சோப்பு விளம்பரத்தில் வருகிறவர்போலவும் இருந்தது. குழு கேட்டுக்கொண்டபடி ஒரு புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. அப்பா அப்படிச் சிரித்து யுவராணி பார்த்ததில்லை. கீழ்ப் பாதி சுவரோரம் நின்றது. முன்வைத்த வலக்கால், பின்னே சற்று மடங்கிய இடக்கால், டயர் செருப்பு.

“கீழ் பாதிய இன்னா பண்ணுவ தேவா?”

“வேற எந்தத் தலைவராச்சும் வந்தா ஒட்டிடுவேன் யக்கா. ஆனா இந்த முட்டிக்கும் இந்தச் செருப்புக்கும் எவன் வரப் போறான்?”

யுவராணி அந்தக் கால்களைச் சுற்றிவந்து பார்த்தாள். குனிந்து குதிகாலைத் தொட்டாள். ஆணியின் தலைகூடத் தெரிந்தது.

“மேல் பாதிய எறக்கிட்டு வந்து இத்த ஏத்து. என் ஊட்டு வாசல்ல எறக்கணும்.”

குட்டியானை அன்று இரண்டு நடை போயிற்று. காலனி முகப்பில், தெருவைத் தொட்டுக்கொண்டிருந்த யுவராணியின் சொந்த மனையில், ஒரு படியுயர மேடைமீது கால்கள் நின்றன. இடுப்பில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த வாயைத் தேவா சிமெண்டால் மூடித் தட்டையாக்கினார். ‘தங்கராஜ். இந்தத் தெருவில் நடந்தவர்’ என்று மேடையில் எழுதச் சொன்னாள்.

கோயிலெதிரே இருந்த மேல் பாதிக்கு எழுத்து அதிகம். சமூக நல்லிணக்கச் செம்மல், மண்ணின் மைந்தர், அமைதியின் உறைவிடம் என்றெல்லாம் ஸ்ரீநாத் பொறிக்கச் செய்திருந்தார். அந்த அமைதியின் உறைவிடம் என்ன செய்தது, அதன் முழங்காலை யார் உடைத்தது என்ற செய்திகளுக்குக் கல்வெட்டில் இடம் போதவில்லை. நன்கொடையாளர் பெயர்கள் நிறைந்துவிட்டன. ஞாயிறன்று திரை விலகியது. இடுப்போடு முடிந்த தங்கராஜ், பீடத்துக்குள் பாதி புதைந்தவர்போல் புன்னகைத்தார். காலனிச் சனம் வந்து கைதட்டியது, மண்டபத்தில் பிரியாணி உண்டது, கொண்டுவந்த மாலைகளைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு தெருவின் மறுதலைப்புக்குச் சென்று கால்களுக்குச் சாத்தியது. மேல் பாதிக்குக் கங்காதரன் அணிவித்த ரோஜா மாலை ஒன்றுதான்.

யுவராணி அனுமதியில்லாமல் சிலை வைத்தாள் என்று புகார் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரி நெடுநேரம் கால்களைச் சுற்றி வந்தார். தலைவர் சிலைக்கு அனுமதி வேண்டும், உண்மை. ஆனால் முகம் இல்லாததால் இது எந்தத் தலைவர் என்று அரசு துணிந்து கூற இயலாது. இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதி சிலையாகுமா என்பது குறித்து விதிகளில் குறிப்பேதுமில்லை. அப்படியே எழுதிக் கோப்பை முடித்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். குழுவின் நுண்ணறிவுக்கு அரசாங்கத்திலும் இணை இருந்தது.

ஆறு வாரத்தில் அந்த இடத்துக்குச் ‘செருப்புக்கால்’ என்று பெயர் நிலைத்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அப்பெயரைச் சொல்லி ஆளேற்றினர். சோறு கொண்டுவரும் பையன்கள் அதை வைத்து வழி கண்டுபிடித்தனர். ஸ்ரீநாத்துக்கு இதில் சிறிதும் மனத்தாங்கல் இல்லை. தம் குடியிருப்பாரை ஞாயிறுதோறும் வரலாற்று நடைக்கு அழைத்துச் சென்றார்; கோயிலெதிரே தலையில் தொடங்கிக் காலனியில் காலில் முடியும் நடை. ஒரே மனிதருக்கு நானூறு மீட்டர் நீளத்தில் சிலை வைத்த ஊர் வேறெங்கும் இல்லை என்று அவர் சொன்னபோது அனைவரும் படமெடுத்துக்கொண்டனர்.

தேர்தல் அறிவித்தார்கள். கங்காதரன் காலனிக்குள் வாக்குக் கேட்டு வந்த மாலை, பெண்கள் கூட்டமாக வழியை மறித்தனர். முன்னால் நின்றவள், யுவராணியின் பணிமனையில் பேருந்து கழுவுகிறவள்.

“தலைவருக்கு மால போட்டுட்டு ஓட்டு கேளு அண்ணாத்தே.”

“போட்டேனேம்மா. கோயிலாண்ட, அல்லார் எதிர்லயும்.”

“அது நீங்க வெச்ச மிச்சம். நடந்தது இங்க கீது.”

தொள்ளாயிரம் வாக்குகளை மனத்தில் நிறுத்தி, கங்காதரன் கட்சிக்காரரிடமிருந்து மாலையை வாங்கினார். முதலில் இடுப்பின் தட்டையான மேற்பரப்பில் வைத்துப் பார்த்தார். அங்கே காக்கைகள் நெடுநாளாக உரிமை கொண்டாடிய தடங்கள் இருந்தன. மாலை வழுக்கி மண்ணில் விழுந்தது. எடுத்துத் தட்டினார். கழுத்தில்லாதவருக்கு மாலையை எங்கே சாத்துவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான்கைந்து கைப்பேசிகள் உயர்ந்தன.

அவர் குனிந்தார். அறுபத்து மூன்று வயதும் மண்டபத்துச் சாப்பாடும் இடையில் தடுத்தன. ஒரு கையால் தங்கராஜின் செருப்பு வாரைப் பற்றிக்கொண்டு, மறுகையால் மாலையை இரு பாதங்களின்மேலும் படர விட்டார். பிறகு நிமிர முயன்றார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றார்.

பணி முடிந்து வந்த யுவராணி கைப்பையோடு வாயிற்படியில் நின்றிருந்தாள். குனிந்த நிலையிலேயே அவளை அண்ணாந்து பார்த்து, “தேர்தல் முடியட்டும் யுவராணி,” என்றார் கங்காதரன் தணிந்த குரலில். “மேல் பாதிய எறக்கியாந்து இங்கயே ஒட்டிடலாம். முழுசா நிக்கட்டும். இன்னா சொல்ற?”

“வேணாம் சார். சிரிச்சிகினு கீறவரு உங்க ஆளு, அங்கியே இருக்கட்டும். எங்கப்பா இவுருதான்.” தெருப்பக்கம் பார்த்தாள். பூ விற்கும் பெண் ஒருத்தி கூடையோடு வந்து காத்திருந்தாள். அவளுக்குப் பின்னே இன்னும் இருவர். “வெச்சாச்சுன்னா எந்திரிங்க சார். பின்னால ஆளுங்க நிக்கறாங்கோ.”